சுதந்திர தினத்துக்குக் குழந்தைகளோடு சேர்ந்து வீட்டிலேயே காகிதத்தில் என்னென்ன அலங்காரம் செய்யலாம்?

கேட்டவர் வீட்டில் ஏழு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஆகஸ்ட் 15க்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. கடையில் வாங்காமல் கலர் பேப்பரை வைத்து வீட்டை அலங்கரிக்க ஆசை என்கிறார். எங்கள் வீட்டில் ஐந்தாறு வருஷமாக நடக்கிற வேலைதான் இது. முதல் வருஷம் நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது திருப்பூரில், ஒரு சின்ன அடுக்குமாடிக் குடியிருப்பு. அந்த வருஷம் உற்சாகம் தாங்காமல் 100 காகிதக் கொடிகள் செய்து, சணலில் கோத்து, வாசல் கேட்டிலிருந்து வண்டி நிறுத்துகிற இடம் வரைக்கும் தோரணமாகக் கட்டிவிட்டோம். 15ஆம் தேதி காலையில் கொடியேற்றம், மிட்டாய், ஆளாளுக்குப் போட்டோ, எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அன்று ராத்திரி மழை பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலையில் பெருக்க வருகிற பெரியம்மா கதவைத் தட்டினார். கையில் ஒரு கட்டைப்பை. "ஏங்கண்ணு, இதையெல்லாம் எங்க போடறதுங்க? குப்பையோட போட மனசு வரலீங்க" என்றார். பைக்குள் நனைந்து, சாயம் இறங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட கொடிகள். துடைப்பத்தால் கூட்டித் தள்ளாமல் ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்கியிருக்கிறார். வாங்கி எண்ணிப் பார்த்தேன், 63 இருந்தன. மீதி 37 எந்தச் சாக்கடைக்குப் போயிற்றோ தெரியாது.

அதற்கு அப்புறம்தான் இந்தியக் கொடி விதிகள், 2002 என்று ஒன்று இருப்பதையே தேடிப் படித்தேன். காகிதக் கொடியை மக்கள் கையில் வைத்து அசைக்கலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் நிகழ்ச்சி முடிந்ததும் தரையில் வீசக்கூடாது, கொடிக்குரிய மரியாதையோடு தனியிடத்தில் அப்புறப்படுத்த வேண்டும். இன்னொன்றும் அதில் இருந்தது, அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது: தேசியக் கொடியைத் தோரணமாகவோ, ரிப்பன் பூவாகவோ, வேறு எந்த வகையிலோ அலங்காரப் பொருளாகப் பயன்படுத்தக் கூடாது. நாங்கள் செய்தது அச்சு அசலாக அதைத்தான்.

அன்றைக்கு எடுத்த முடிவு இன்றுவரை மாறவில்லை. கொடி என்றால் வீட்டில் ஆளுக்கு ஒன்று, அதைச் சரியான அளவில் ஒழுங்காகச் செய்கிறோம். மற்ற அலங்காரமெல்லாம் காவி, வெள்ளை, பச்சை என்று வண்ணத்தோடு நிற்கும், கொடியாகாது. நீங்களும் இப்படியே தொடங்கினால் பாதி வேலை குறையும். நூறு சக்கரம் வரைந்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

முதலில் கொடி. நீளம் மூன்று பங்கு, அகலம் இரண்டு பங்கு. வீட்டுக்கு வசதியான அளவு 22.5 செ.மீ.க்கு 15 செ.மீ. கொடி விதிகளில் உள்ள அளவுகளில் இதுவும் ஒன்று. ஒவ்வொரு பட்டையும் சரியாக 5 செ.மீ. வரும், சக்கரம் 4 செ.மீ. விட்டம். ஏ4 தாளிலேயே அடங்கிவிடும். வெள்ளைத் தாளை முழு அளவுக்கு வெட்டிக்கொண்டு மேலே காவிப் பட்டை, கீழே பச்சைப் பட்டை ஒட்டினால் போதும். மூன்று துண்டுகளை ஓரத்தோடு ஓரம் வைத்து ஒட்டப் பார்க்காதீர்கள், இடுக்கு தெரியும். கடையில் பச்சை என்று கேட்டால் பெரும்பாலும் கிளிப்பச்சையைத்தான் எடுத்து நீட்டுவார்கள், கரும்பச்சை என்று சொல்லிக் கேளுங்கள்.

சக்கரத்தில்தான் எல்லாப் பிள்ளைகளும் தடுக்கி விழும். சக்கரத்தின் ஆரக்கால் 24. எட்டோ பத்தோ போட்டுவிட்டு "அம்மா, முடிஞ்சிருச்சு" என்று ஓடிவிடுவார்கள். கோணமானி வைத்து 15 பாகைக்கு ஒரு கோடு போடலாம், ஆனால் ஏழு வயதுக்கு அது ஆகாது. எங்கள் வீட்டு வழி மடிப்புதான். நாலைந்து செ.மீ. விட்டமுள்ள ஒரு மூடியை வைத்து மெல்லிய தாளில் வட்டம் வரைந்து வெட்டுங்கள். பாதியாக மடியுங்கள், மறுபடி பாதி. இப்போது கால்வட்டம் கையில் இருக்கும். இதை மூன்றாக மடிக்க வேண்டும். இந்த இடத்தில் மட்டும் பெரியவர்கள் கை கொடுங்கள். ஒரு ஓரத்தை உள்ளே, மறு ஓரத்தை அதன்மேல், கடிதத்தை மடிக்கிற மாதிரி மடித்து மூன்று பங்கும் சமமாக வரும்வரை நகர்த்திப் பார்த்துவிட்டு அப்புறம் அழுத்துங்கள். கடைசியாக இன்னொரு பாதி. பிரித்தால் நடுவிலிருந்து 24 மடிப்புக் கோடுகள் கிளம்பியிருக்கும். அதன்மேலேயே நீலம் ஓட்டிவிடலாம். நீலம் என்றால் கருநீலம், வான நீலம் அல்ல.

என் பெண் ஒருநாள் இதைவிட எளிதாக ஒரு வழி கண்டுபிடித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி 12 மணிக்கும் கோடு போட்டு, இரண்டு கோட்டுக்கு நடுவில் ஒன்றாக இன்னும் 12 போட்டாள். கொஞ்சம் கோணல்மாணலாகத்தான் இருந்தது. ஆனால் எண்ணிக்கை சரி.

கொடியைச் சுவரில் நெடுக்காக, அதாவது நிற்க வைத்த மாதிரி ஒட்டினால், பார்க்கிறவருக்கு இடது பக்கம் காவி வர வேண்டும். கொடிமேல் எதையும் எழுதக் கூடாது, "ஜெய்ஹிந்த்" கூடத்தான். வாழ்த்தெல்லாம் தனித் தாளில் எழுதிக் கீழே ஒட்டிக்கொள்ளுங்கள்.

இனி தோரணம். ஒவ்வொரு துண்டும் ஒரே நிறம், இதுதான் சூட்சுமம். ஒரு காவி முக்கோணம், ஒரு வெள்ளை, ஒரு பச்சை என்று மாறி மாறி வரும்போது கண்ணுக்கு மூவண்ணம் தெரியும், எந்தத் துண்டும் கொடி ஆகாது. முக்கோணமாக வெட்டி நூலில் ஒட்டினால் ஃபேன் காற்றுக்கு எல்லாம் திரும்பி முதுகைக் காட்டும். அதனால் 12 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்தில் டைமண்ட் வடிவமாக வெட்டுங்கள். அகலமான இடத்தில் மடித்து, மடிப்புக்குள் நூலை விட்டு, இரண்டு பக்கத்தையும் ஒட்டுங்கள். இரு பக்கமும் நிறம் தெரியும், திரும்பினாலும் கவலையில்லை. துண்டுக்கு நடுவே 8 செ.மீ. இடைவெளி விட்டால் 3 மீட்டருக்கு 15 துண்டு, நிறத்துக்கு ஐந்து. ஒரு கூடத்துக்கு அது தாராளம். பத்து வயதுப் பிள்ளை துணையில்லாமல் செய்துவிடும். சின்னதுக்கு வேலை வேண்டுமென்றால் காகிதச் சங்கிலி இருக்கிறது, வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டே போகட்டும். ஒரு மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும்.

எனக்குப் பிடித்தது காற்றாடி. சென்னைப் பக்கத்தில் காத்தாடி என்றால் பட்டம் என்று நினைத்துவிடுவார்கள், நான் சொல்வது குச்சியில் சுற்றுகிற இதழ்க் காற்றாடி. 15 செ.மீ. சதுரத்தில் காவித் தாள் ஒன்று, பச்சைத் தாள் ஒன்று, இரண்டையும் முதுகோடு முதுகு ஓரத்தில் மட்டும் பசை தடவி ஒட்டுங்கள். முழுக்கத் தடவினால் காயும்போது அப்பளம் மாதிரி நெளியும். நான்கு மூலையிலிருந்தும் நடுவை நோக்கி வெட்டி, நடுவுக்கு 2 செ.மீ. இருக்கும்போது நிறுத்திக்கொள்ளுங்கள். ஒன்று விட்டு ஒரு நுனியை நடுவுக்கு இழுத்துப் பிடித்து, மேலே ஒரு வெள்ளை வட்டம் வைத்துக் குண்டூசி குத்துங்கள்.

இதுவரைக்கும் எல்லாரும் சரியாகச் செய்வார்கள், ஆனால் காற்றாடி சுற்றாது. காரணம் இரண்டுதான். ஊசி போன ஓட்டை இறுக்கமாக இருக்கும், அல்லது தாள் குச்சியில் உரசும். ஊசியை ஓட்டையில் நாலு சுற்றுச் சுற்றிக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். தாளுக்கும் குச்சிக்கும் நடுவே ஒரு பாசிமணி கோத்துவிடுங்கள். அவ்வளவுதான், ஊதவே வேண்டாம், கையில் பிடித்து நடந்தாலே சுற்றும். குச்சிக்குச் செய்தித்தாளை இறுக்கிச் சுருட்டி ஒட்டினால் போதும். பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி முனையை மடக்கி டேப் சுற்றாமல் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்.

சட்டையில் குத்துகிற விசிறிப் பூவும் செய்யலாம், நீளத் தாளை முன்னும் பின்னும் மடித்து வட்டமாக்கினால் ஆயிற்று. ஆனால் கிரேப் பேப்பர் வேண்டாம். பனியன் ஊரில் இருந்துகொண்டு நானே ஏமாந்தேன். வெள்ளைச் சட்டை, ஆகஸ்ட் வெயில், கொடியேற்றம் முடிய ஒரு மணி நேரம். வியர்வை பட்டு காவிச் சாயம் நெஞ்சில் இறங்கி, எத்தனை அலசியும் போகவில்லை. சாதாரண கலர் பேப்பரோ சார்ட்டோ இருக்கட்டும்.

எங்கள் ஊர்க்காரியாக ஒன்று சொல்லாமல் போக முடியாது. இங்கே சுதந்திர தினம் என்றால் எந்தப் பிள்ளைக்கும் முதலில் கொடி காத்த குமரன்தான். அட்டையில் குமரன் பொம்மை செய்து கையில் கொடி கொடுப்பார்கள், என் பெண்ணும் செய்தாள், சக்கரம் போட்ட கொடியோடு. பார்த்த என் மாமனார், "குமரன் பிடிச்ச கொடியில சக்கரம் ஏதுங்க சாமி?" என்று பேத்தியைக் கேட்டார். நியாயமான கேள்வி. குமரன் போலீஸ் தடியடியில் அடிபட்டு உயிர்விட்டது 1932 ஜனவரியில். காங்கிரஸ் 1931இல் ஏற்றுக்கொண்ட காவி, வெள்ளை, பச்சைக் கொடியின் நடுவில் இருந்தது ராட்டை. ராட்டைக்குப் பதிலாக அசோகச் சக்கரம் வந்தது 1947 ஜூலை 22 அன்று, அரசியல் நிர்ணய சபை இன்றைய கொடியை ஏற்றபோது. ஆகவே குமரன் பொம்மைக்கு ராட்டைக் கொடிதான் பொருத்தம். வரைவதும் எளிது: பெரிய சக்கரம் ஒன்று, பக்கத்தில் சின்னதாக ஒன்று, இரண்டையும் சேர்க்கிற கயிறு, கீழே ஒரு பலகை. அவளுக்கு ஒரே சந்தோஷம், 24 கோடு போட வேண்டாமே!

பசைக்கு மைதா காய்ச்சினால் போதும். ஒரு கரண்டி மாவை ஐந்து கரண்டி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிளறி ஆறவிடுங்கள். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடு என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது விஷம், பிள்ளைகள் விரலை நக்குகிற வீட்டில் அது கூடவே கூடாது. இரண்டு நாளில் பசை புளித்துவிடும், அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் கொடியும் அலங்காரத் தெர்மாகோலும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருக்கின்றன. யாராவது கொண்டுவந்து நீட்டினாலும் வாங்காதீர்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, 15ஆம் தேதி சாயங்காலமே பிள்ளைகளை விட்டு இறக்கச் சொல்லிவிடுங்கள். கொடிகள் நாலையும் பழைய காலண்டர் அட்டைக்குள் தட்டையாக வைப்போம். தோரணத்தைச் சுற்றி ஒரு செருப்புப் பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிடுவோம். போன ஞாயிற்றுக்கிழமைதான் இறக்கிப் பார்த்தோம். ஜன்னல் ஓரம் கட்டியிருந்த காவித் துண்டுகள் மட்டும் வெளுத்துவிட்டன. பச்சையும் வெள்ளையும் அப்படியே இருக்கின்றன. இந்த வருஷச் செலவு ஒரே ஒரு காவிச் சார்ட்தான்.