சேர்த்த அன்று சுகர் 286: காய்ச்சல் வார்டிலிருந்து சில கேள்விகள்

நம்ம குமரி மாவட்டத்துக்கு வருசத்தில் இரண்டு மழை, வைகாசி கடைசியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. இரண்டிலும் காய்ச்சல் வரும், பின்னாலேயே கேள்விகளும் வரும். இந்தத் தடவை வந்ததில் பாதி, ஐசியூ சீட்டில் எழுதியிருந்த எண்களைப் பற்றியவை. ஒவ்வொருவருக்கும் தனியாக எழுத நேரம் இல்லை, சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

அப்பாவுக்கு 61 வயது, இதுவரை சுகரே கிடையாது. இன்ஃப்ளுயன்சா முற்றி நிமோனியாவாகி ஐசியூவில் சேர்த்த அன்று சுகர் 286. டிரிப்ஸில் குளுக்கோஸ் ஏற்றியதால் வந்தது என்கிறார் சித்தப்பா. (தக்கலை)

சேர்க்கும்போதே எடுத்த ரத்தம் என்றால் டிரிப்ஸ் மேல் பழி போட வழியில்லை. உடம்புக்குப் பெரிய அடி விழும்போது கார்டிசோல், அட்ரினலின் மாதிரி ஹார்மோன்கள் எல்லாம் எகிறும், கல்லீரல் இருப்பில் உள்ள சர்க்கரையைக் கொட்டும், போதாததற்குப் புதிதாகவும் செய்யும், அதே நேரத்தில் தசைகள் இன்சுலின் சொல்வதைக் கேட்காது. சாப்பிடாமல் கிடக்கிற ஆளுக்கு 286 வருவது இப்படித்தான்.

இது இப்போது வந்ததா, முன்பே இருந்து தெரியாமல் போனதா என்று பார்க்க எச்பிஏ1சி எடுக்கச் சொல்லுங்கள், அது கடந்த மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. அதை 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழித்தால் அவருடைய வழக்கமான சுகர் கிடைக்கும். எச்பிஏ1சி 6.5 என்றால் வழக்கமான அளவு சுமார் 140, அப்படியானால் 286 என்பது இரண்டு மடங்கு. எச்பிஏ1சி 10 உள்ள இன்னொருவருக்கு வழக்கமே 240, அவருக்கும் அதே 286 வந்தால் ஏற்றம் கொஞ்சம்தான். சீட்டில் எண் ஒன்றே, ஆனால் முதல் ஆளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். கோவிட் காலத்திலும் இதைப் பார்த்தோம்: சுகர் நோயாளி என்று தெரிந்து வந்தவர்களைவிட, சுகரே இல்லை என்று சொல்லி 250, 300 என்று வந்தவர்கள் மோசமாகப் போனதாகப் பல ஆய்வுகள் சொல்லின. சுகர்தான் அவர்களைக் கொன்றது என்று இதற்கு அர்த்தம் இல்லை, உள்ளே நோய் எவ்வளவு பலமாக அடிக்கிறது என்பதை அந்த எண் காட்டிக்கொடுக்கிறது. சித்தப்பாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ரத்தம் ஏற்றியிருந்தாலோ, கடுமையான ரத்தசோகை இருந்தாலோ எச்பிஏ1சி ஏமாற்றும், அதை மட்டும் டாக்டரிடம் ஞாபகப்படுத்துங்கள்.

மாமியார் ஐசியூவில் இருந்தபோது சுகர் 170, 175 என்றே இருந்தது. கேட்டால் ‘இது போதும்’ என்றார்கள். வீட்டில் 130 தாண்டினாலே திட்டுகிற டாக்டர்கள் அங்கே ஏன் அலட்சியமாக இருக்கிறார்கள்? (மார்த்தாண்டம்)

அலட்சியம் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டது. ஐசியூவில் சுகரை நார்மலுக்கு இறக்கிவிட்டால் நல்லது என்று நாங்களும் ஒரு காலத்தில் நம்பினோம். 2009-ல் வெளியான நைஸ்-சுகர் ஆய்வில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஐசியூ நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் 81-லிருந்து 108-க்குள் இறுக்கிப் பிடித்தார்கள், மறுபக்கம் 180-க்குக் கீழே இருந்தால் போதும் என்று விட்டார்கள். 90 நாளில் இறுக்கிப் பிடித்த பக்கம் இறந்தவர்கள் 27.5 சதவீதம், விட்டுப்பிடித்த பக்கம் 24.9. சுகர் அபாயமாக இறங்கியது இறுக்கிப் பிடித்த பக்கம் 6.8 சதவீதம் பேருக்கு, மறுபக்கம் வெறும் 0.5. மயக்கத்தில் இருப்பவருக்கு லோ சுகர் வந்தால் வியர்க்கிறது, படபடக்கிறது என்று அவரால் சொல்ல முடியாது, அதுதான் பயம். அதனால் இப்போது 140-லிருந்து 180-க்குள் வைப்பதே வழக்கம். உங்கள் மாமியாருக்குச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஐசியூ ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ரால் பாதியாகக் குறைந்திருக்கிறது! மாத்திரையை நிறுத்தலாமா? (குளச்சல்)

சந்தோஷப்பட வேண்டாம். கடுமையான தொற்றில் எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால், எச்டிஎல் என்கிற நல்ல கொலஸ்ட்ரால் இரண்டும் விழும், எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு மோசமான நோய் என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்கிறோம். டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு மட்டும் ஏறும். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு, வென்டிலேட்டரில் தூங்க வைக்கக் கொடுக்கும் புரொபோஃபால் எண்ணெயில் கலந்த மருந்து, பார்த்தால் ரப்பர் பால் மாதிரியே வெள்ளையாக இருக்கும். வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் கழித்து எடுங்கள், அந்தக் கணக்குதான் செல்லும்.

லாக்டேட் 4.6 என்று சொல்லி அண்ணனுக்குப் பயம் காட்டினார்கள். அது என்ன? (கருங்கல்)

உடம்பின் செல்களுக்குப் போதிய ரத்தமும் ஆக்சிஜனும் போய்ச் சேர்கிறதா என்று காட்டுகிற எண், இரண்டுக்குக் கீழே இருக்க வேண்டும். பயம் காட்டவில்லை, பயப்பட வேண்டிய எண்தான். ஆனால் ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், ஆறு மணி நேரம் கழித்து எவ்வளவு என்று கேளுங்கள். 4.6 மூன்றாகி இரண்டாகிறது என்றால் வண்டி சரியான பக்கம் போகிறது.

நான் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, சுகருக்கு டாபாகிளிஃப்ளோசினும் மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறேன். காய்ச்சல் வந்தால் கஞ்சிகூட இறங்காது. அப்போதும் மாத்திரை போட வேண்டுமா? (குலசேகரம்)

இந்தக் கேள்வியை இன்னும் நிறையப் பேர் கேட்டிருக்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையை மூத்திரத்தில் தள்ளிவிடும். சாப்பாடு இல்லாமல், வாந்தியோடு, தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது அதை விழுங்கினால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரலாம். இதில் வில்லங்கம் என்னவென்றால் குளுக்கோமீட்டர் 180 என்று சாதுவாகக் காட்டும், ஆளோ வயிற்றுவலி, வாந்தி, மேல்மூச்சு என்று கிடப்பார். 180தானே என்று வீட்டிலேயே படுக்க வைத்துத் தாமதமாகக் கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சாப்பிட முடியாத நாளில் அந்த மாத்திரை வேண்டாம், ரொம்ப வாடிப்போனால் மெட்ஃபார்மினும் வேண்டாம், உங்கள் டாக்டருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்சுலினையும் நிறுத்திவிடக் கூடாது, காய்ச்சலில் அது கூடவே தேவைப்படலாம்.

அப்புறம், டெங்கு என்றால் குளுக்கோமீட்டரையும் முழுசாக நம்பாதீர்கள். ரத்தம் கெட்டிப்பட்டால் மீட்டர் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும், பிபி விழுந்து கைகால் சில்லிட்டிருந்தால் விரல்நுனி ரத்தத்தின் கணக்கே தப்பும். லேபில் நரம்பு ரத்தம் கொடுத்துப் பார்ப்பதுதான் சரி. ரப்பர் தோட்டத்தில் பால் பிடிக்கும் சிரட்டைகளைத் தண்ணீர் தேங்கிக் கொசு வளராதபடி கவிழ்த்து வைக்கிறீர்களா?

அம்மா ஐசியூவிலிருந்து வந்துவிட்டார். ஸ்டீராய்டு மாத்திரை இன்னும் பத்து நாள் இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் 105, நார்மல்தான். தெம்புக்கு ஏத்தன்பழம், மரச்சீனி, கருப்பட்டிக் காப்பி கொடுக்கலாமா? (திங்கள்சந்தை)

அந்த 105-ஐ நம்பி ஏமாறாதீர்கள். காலையில் போடும் ஸ்டீராய்டு, சுகரை மத்தியானத்துக்கு மேல்தான் தூக்கும், வெறும் வயிற்றில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மத்தியானமும் ராத்திரியும் பாருங்கள், 250 வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். அதற்காக ஸ்டீராய்டைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். ஆக்சிஜன் தேவைப்பட்ட கோவிட் நோயாளிகளின் உயிரை அது காப்பாற்றியது 2020-லேயே நிரூபணமானது. அதே ஸ்டீராய்டோடு கட்டுப்படாத சுகரும் சேர்ந்ததில் 2021-ல் கரும்பூஞ்சை என்ன பாடு படுத்தியது என்பதும் ஞாபகம் இருக்கும். மருந்து தொடரட்டும், சுகரைப் பக்கத்திலிருந்து பாருங்கள்.

தெம்பு கிழங்கில் இல்லை. படுக்கையில் கரைந்த தசை திரும்பி வரப் புரதம் வேண்டும்: சாளையோ அயிலையோ குழம்பு வையுங்கள், முட்டை, சிறுபயறு கொடுங்கள். மரச்சீனி மீன்குழம்போடு ரெண்டு துண்டு போதும், ஏத்தன்பழம் பாதி. கருப்பட்டியும் சர்க்கரைதான், பனையிலிருந்து வந்தது என்பதற்காக ரத்தம் அதற்குச் சலுகை காட்டாது. ஸ்டீராய்டு முடிந்து மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி எடுத்து அனுப்புங்கள், மாத்திரை வேண்டுமா என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.