ஆற்றைக் குறை சொல்லும் முன் பில் புத்தகத்தை எடுங்கள்

கேள்வி: சேலம் வீரபாண்டி பக்கம் ஒன்றரை ஏக்கரில் மல்லித்தழை, புதினா போடுகிறேன். பாசனம் திருமணிமுத்தாற்றுத் தண்ணீர். அதில் நகரத்துச் சாக்கடை கலப்பது ஊருக்கே தெரியும். நான் தழை கொடுக்கும் கல்லூரி விடுதியில் 12 மாணவர்களுக்கு வாந்தி, பேதி. தயிர்ப் பச்சடியில் ஈ.கோலை கிருமி என்று ஆய்வக அறிக்கையாம். மெஸ் கான்ட்ராக்டர் என் பாக்கி 42,000 ரூபாயை நிறுத்திவிட்டு, 6 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார். பத்து வருடம் பழகியவர், ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாக்கடை விடுகிறவர்களை விட்டுவிட்டு என்னைப் பிடிப்பது நியாயமா? இதையெல்லாம் எழுதிப் பதில் நோட்டீஸ் கொடுக்கலாமா? தழை பத்தாத நாளில் பக்கத்துக் காட்டிலும் (வேறொருவர் வயல்) வாங்கிக் கொடுத்ததுண்டு.

பதில்: பத்து வருடப் பழக்கத்தை விடுங்கள், கோர்ட்டில் அது செல்லாது. போகிறபோக்கில் கடைசியாக ஒரு வரி எழுதினீர்களே, வழக்கு அதில்தான் இருக்கிறது.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006, பிரிவு 18(3)-ன்படி விவசாயிக்கும் அவர் பண்ணையில் விளைந்ததற்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. பக்கத்துக் காட்டுத் தழையை வாங்கிக் கட்டி விற்ற அன்று நீங்கள் வியாபாரி. பிரிவு 59 அப்போது உங்களையும் தொடும்: பாதுகாப்பற்ற உணவால் உடம்புக்குக் கேடு (கொடுங்கேடு அல்லாதது) வந்தால் ஓராண்டு வரை சிறை, 3 லட்சம் வரை அபராதம். அந்த வாரம் போனது யார் தழை? பில் உங்கள் பெயரிலா, 'வெஜிடபிள்ஸ்' என்று கடை போல ரப்பர் ஸ்டாம்ப் குத்தியதா? இருக்கிற பில்லை அப்படியே வையுங்கள். கிழிக்காதீர்கள், புதிதாகவும் எழுதாதீர்கள்.

அடுத்தது அந்தப் பதில் நோட்டீஸ். மாதிரி எடுத்தது நறுக்கிக் கலந்த பச்சடியில், உங்கள் வயலில் அல்ல. கிருமி தழையில் வந்ததா, மெஸ் தொட்டித் தண்ணீரிலா, நறுக்கிய பலகையிலா, கழுவாத கையிலா? நிரூபிக்க வேண்டியவர் கான்ட்ராக்டர். அவருக்கு அது லேசில்லை. 'சாக்கடை கலப்பது ஊருக்கே தெரியும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டால், அந்த வேலையை நீங்களே அவருக்கு முடித்துக் கொடுக்கிறீர்கள். பச்சையாகத் தின்னும் பயிருக்குப் பாய்ச்சும் நீரில் 100 மில்லிக்கு 1,000 மலக் கோலிஃபார்முக்கு (மலம் கலந்ததைக் காட்டும் கிருமி) மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989-லேயே சொன்னதையும் எடுத்து நீட்டுவார்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. நோட்டீஸில் கேட்டதற்கு மட்டும் பதில் போதும்.

என் கட்சிக்காரர் ஒருவர் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தார். கறுப்புத் தண்ணீரில் மோட்டார் ஓட, பக்கத்தில் தான் நிற்கிற போட்டோவும் வைத்தார். எதிர்த்தரப்பு தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் வாங்கி, அதையே முதல் ஆவணமாகப் போட்டது. குறுக்கு விசாரணையில், "அறுத்த கட்டு வாடாமலிருக்க எதில் முக்குவீங்க?" என்று கேட்டார்கள். "அதே வாய்க்கால்லதாங்க" என்றார். முக்குவது விவசாயத்தில் சேருமா என்று வாதாடத்தான் எனக்கு மிச்சம் இருந்தது.

ஆற்றைக் கெடுத்தவர்கள் மேல் போக சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது. இழப்பீடு கேட்க 5 ஆண்டு அவகாசம். அந்த ஆற்றில் பாசனம் செய்கிற ஆயக்கட்டுக்காரர்கள் சேர்ந்து போங்கள், இது முடிந்த பிறகு. ஆனால் மல்லிக்கு அந்தத் தண்ணீரை இன்றே நிறுத்துங்கள். அறிக்கை வந்த பிறகும் பாய்ச்சினால் 'தெரியாது' என்ற சொல்லே உங்களுக்குக் கிடையாது.

6 லட்சம் மிரட்டல் தொகை. 42,000-ஐ விட்டுக்கொடுத்து முடித்துக்கொள்ளுங்கள். கசக்கும்தான், ஆனால் வழக்குச் செலவு அதைத் தாண்டும். ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். பொறுப்பை ஒப்புக்கொள்ளவில்லை, இனி கோரிக்கை இல்லை, மாணவர்கள் இழப்பீடு கேட்டால் கான்ட்ராக்டரே கொடுப்பார் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். மூன்றாவதை விட்டுவிட்டு மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்: மாணவர்கள் அதில் கையெழுத்துப் போடுவதில்லை, நுகர்வோர் ஆணையத்துக்குப் போக அவர்களுக்கு 2 ஆண்டு உண்டு. உணவுப் பாதுகாப்புத் துறை தொடுக்கும் வழக்கையும் அந்தத் தாள் தடுக்காது.

நோட்டீஸில் எத்தனை நாள் கெடு என்று எழுதவில்லை நீங்கள். அதைப் பார்த்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் போங்கள். அதுவரை கான்ட்ராக்டருக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு எதுவும் அனுப்ப வேண்டாம்.