பள்ளி வாலிபாலில் பையன்கள் செட்டிங், பெண் பிள்ளைகள் செட்டிங்: வித்தியாசம் எங்கே இருக்கிறது?

கேள்வி: பள்ளி அணிகளில் பையன்கள்தான் நன்றாக செட் செய்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா? ஒரு செட்டரை எப்படி எடைபோடுவது?

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாக வாலிபால் சொல்லிக்கொடுக்கிறேன். செட்டர் என்றால் அடிக்கிறவருக்கு விரலால் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர். நான் பார்த்தவரை அந்த விரல் வேலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. பந்து செட்டரிடம் எப்படி வருகிறது, அவர் கொடுத்த பிறகு அதற்கு என்ன ஆகிறது, இந்த இரண்டிலும்தான் நிறைய மாறுகிறது. பார்க்கிறவர்கள் அதையும் சேர்த்து செட்டர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

பையன்கள் மேட்ச் ஒன்றைப் பாருங்கள். நான்காம் இடத்தில் (முன்வரிசையின் இடது ஓரம்) ஒரு உயரமான பையன் இருந்தால் பந்தை மேலே தூக்கிக் கொடுத்தாலே போதும். வலையை விட்டுத் தள்ளிப் போனாலும், கொஞ்சம் முன்னே பின்னே விழுந்தாலும், அவன் எட்டி அடித்துப் பாயிண்ட் எடுத்துவிடுவான். உடனே "என்ன செட்டுடா!" என்று கைதட்டல். பெண்கள் ஆட்டத்தில் அதே மாதிரிப் பந்தை அடித்தால் எதிர் அணி எடுத்துத் திருப்பி அனுப்பிவிடும். ராலி நீளும். ஒரே பாயிண்ட்டுக்குள் செட்டர் திரும்பத் திரும்ப ஓடிப் பந்தைத் தொட வேண்டியிருக்கும், அதுவும் பல நேரம் மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னாலிருந்து. வேலை அவளுக்கு அதிகம், பெயர் குறைவு.

வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பெண் பிள்ளைகள் வேகமாக வளர்வது சராசரியாக 12 வயதை ஒட்டி, பையன்கள் 14 வயதை ஒட்டி. அதனால் எட்டாம் வகுப்பில் பெண் செட்டர்கள் நிதானமாக ஆடுவதும், பையன்கள் திடீரென்று நீண்ட கைகாலோடு டைமிங் தெரியாமல் தடுமாறுவதும் சகஜம். பதினொன்றாம் வகுப்பு வரும்போது பையன்களுக்குத் தோள் பலம் சேர்ந்து குதித்துக் கொடுக்கும் ஜம்ப் செட்டும் தலைக்குப் பின்னால் கொடுக்கும் பேக் செட்டும் எளிதாகிவிடும். அந்த ஒரு கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு "பையன்கள்தான் பெஸ்ட்" என்று முடிவுகட்டுகிறவர்கள்தான் அதிகம்.

பலம் ஒரு விஷயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. இரண்டாம் இடத்துக்கும் (முன்வரிசையின் வலது ஓரம்) மூன்றாம் இடத்துக்கும் (நடு) இடையில் நிற்கும் செட்டரிடமிருந்து வலையின் இடது ஓரக் குச்சியான ஆன்டெனா வரை சுமார் ஆறு மீட்டர். விரலால் அவ்வளவு தூரம் தள்ள முடியாத பிள்ளை இடுப்பை வளைக்கும், இல்லையென்றால் முன்கையால் தூக்கும் அண்டர்ஹேண்டுக்குப் போய்விடும். முழங்காலை மடித்துக் காலிலிருந்து விசை எடுக்கப் பழக்கினால் பெரும்பாலும் சரியாகிறது.

இதில் நடுவர்களுக்கும் பங்கு உண்டு. பந்து கொஞ்சம் சுழன்றாலே டபுள் டச் என்று விசில் ஊதுகிறவர்கள் இருக்கிறார்கள். சுழற்சி மட்டுமே தவறாகாது. பந்து இரண்டு கைகளிலும் அடுத்தடுத்துப் பட்டதா என்பதுதான் கேள்வி. இப்படி நாலு விசில் வாங்கிய பிள்ளை அப்புறம் விரலால் செட் செய்யவே துணியாது. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் வாலிபாலில் 2024 முதல் அணியின் இரண்டாவது தொடுதலில், அதாவது செட்டில், டபுள் டச்சைத் தவறாகவே எடுப்பதில்லை, பந்து தன் பக்கத்திலேயே இருக்கும்வரை. நம் ஊர்ப் பள்ளி மேட்சில் அந்த அளவுக்குப் போக வேண்டாம், பந்தைப் பார்க்காமல் கையைப் பார்த்து ஊதினால் போதும்.

சரி, எடைபோடுவது எப்படி? முதலில் பாஸ், அதாவது செட்டருக்கு எடுத்துக் கொடுத்த முதல் பந்து, எப்படி வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். நல்ல பாஸில் கொடுத்த செட்டையும் ஓடிப் பிடித்துக் கொடுத்த செட்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. அடுத்து, பந்தை அடிக்கும் அட்டாக்கருக்கு எதிரே, வலையில் கை நீட்டித் தடுக்கும் பிளாக்கர்கள் எத்தனை பேர் எழுந்தார்கள் என்று பாருங்கள். ஒருவரோ, யாருமே இல்லையோ என்றால் செட்டர் எதிரியை ஏமாற்றிவிட்டார். அட்டாக்கர் வெளியே அடித்தாலும் அது நல்ல செட்தான். வலையை ஒட்டிக்கொண்டே போகும் பந்துகளைத் தனியாகக் குறியுங்கள். வலை ஆண்களுக்கு 2.43, பெண்களுக்கு 2.24 மீட்டர் என்றாலும், ஒட்டிய பந்து இரண்டு ஆட்டத்திலும் எதிர் அணி பிளாக்கருக்குத்தான் லாபம்.

இன்னொன்று, அணியிலேயே குள்ளமான பிள்ளையைப் பிடித்து செட்டர் ஆக்கும் வழக்கம். ஜப்பானின் யோஷியே தகேஷிதா 159 செ.மீ. உயரம்தான். 2006 உலக சாம்பியன்ஷிப்பில் சிறந்த ஆட்டக்காரர், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம். அவரைக் காட்டி எல்லோரும் நியாயம் சொல்வார்கள். ஆனால் குள்ளமான செட்டர் முன்வரிசைக்கு வரும்போது எதிர் அணி அவர் தலைக்கு மேலேயே அடிக்கும். தகேஷிதாவுக்குப் பின்னால் அந்தப் பந்துகளை எடுக்க ஜப்பானின் டிஃபென்ஸ் இருந்தது. நம் பள்ளி அணிகளில் அது இருக்காது. பந்து கைக்கு வருவதற்கு முன்பே எதிர்ப்பக்கம் ஒரு பார்வை பார்க்கும் பிள்ளை யார் என்று தேடுங்கள், பையனோ பெண்ணோ. உயரமான பெண் பிள்ளைகளில் அப்படிச் சிலர் இருப்பார்கள், எல்லோரையும் அட்டாக்கர் ஆக்கிவிடுவதால் கண்ணில் படுவதில்லை. 15 வயது வரைக்கும் இரண்டு மூன்று பேரை மாற்றி மாற்றி செட் செய்ய விடுங்கள், ஒரே செட்டர் ஆடும் 5-1 முறைக்கு அதற்கப்புறம் போகலாம்.