சினை பிடிக்காத பெண் குதிரை: குரோமோசோம் கோளாறு பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ஐந்து வயது மார்வாரி இனப் பெண் குதிரை. மூன்று வருஷமாக ஆண் குதிரையிடம் விட்டும் சினை நிற்கவில்லை. ஆண் குதிரை வந்தால் உதைக்காமல் நிற்கிறது, ஆனால் பருவம் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று கணக்கே பிடிபடவில்லை. சினைப்பை ரொம்பச் சிறியதாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஹார்மோன் ஊசி போடலாமா சார்?

வேண்டாம். முதலில் குரோமோசோம் பரிசோதனை செய்யுங்கள்.

குதிரைக்கு 64 குரோமோசோம். அதில் ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பவை எக்ஸ், ஒய். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். ஒரு எக்ஸ் இல்லாமல் 63-உடன் பிறப்பதுதான் பெண் குதிரைகளில் அதிகம் காணப்படும் குரோமோசோம் கோளாறு. இரண்டாவது எக்ஸ் இல்லாவிட்டால் சினைமுட்டைகள் மிக இளம் பருவத்திலேயே அழிந்துவிடும். மிஞ்சுவது நார்த்திசு மட்டும். சாதாரண சினைப்பை 6 முதல் 8 செ.மீ. நீளம் இருக்கும். இந்தக் குதிரைகளில் 2 செ.மீ. கூட இல்லாமல், கையில் கட்டியாக, வழவழவென்று தட்டுப்படும். கருப்பையும் சிறுத்துத் தொளதொளவென்று இருக்கும்.

ஊசி ஏன் வீண் என்றால், புரோஸ்டாகிளாண்டின் ஊசி வேலை செய்ய மஞ்சள் உடலம், அதாவது முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் திசு, வேண்டும். முட்டையை வெளியேற்றும் எச்.சி.ஜி. ஊசி வேலை செய்ய, சினைப்பைக்குள் முட்டை இருக்கும் நீர்க்குமிழ் 35 மி.மீ. அளவுக்கு வளர்ந்திருக்க வேண்டும். இங்கே இரண்டுமே இல்லை.

பருவம் மாதிரி நிற்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெண் குதிரையை உதைக்க வைப்பது, மஞ்சள் உடலத்தில் சுரக்கும் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன். முட்டை வெளியேறாத குதிரைக்கு அது சுரக்காது. அதனால் எந்த நாளில் விட்டாலும் பேசாமல் நிற்கும். 21 நாள் சுற்றில் 5 முதல் 7 நாள் நின்று, மற்ற நாளில் காதை மடக்கி விரட்டும் குதிரைதான் ஒழுங்காகச் சுற்றுகிறது.

ஆனால் ஒரே ஒரு ஸ்கேனை வைத்து முத்திரை குத்திவிடாதீர்கள். பகல் நீளும் காலத்தில்தான் குதிரை பருவத்துக்கு வரும். வட இந்தியாவில் டிசம்பர், ஜனவரியில் பார்த்தால் நல்ல குதிரையின் சினைப்பையும் சுருங்கியே இருக்கும். பந்தயத்தில் ஓடி தசை வளர்க்கும் அனபாலிக் ஸ்டீராய்டு ஏறிய குதிரைக்கும் சில மாதங்கள் அப்படித்தான். பருவ காலத்தில் பத்து நாள் இடைவெளியில் மூன்று ஸ்கேன், கூடவே வாரம் ஒன்றாக ஐந்து வாரம் புரோஜெஸ்ட்ரோன் அளவு பாருங்கள். ஐந்தும் ஒரு மி.லி.க்கு 1 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் முட்டையே வெளியேறவில்லை. அதன் பிறகு ரத்தம் அனுப்புங்கள்.

கேள்வி: ரத்தம் எப்படி எடுத்து அனுப்புவது? போன தடவை லேபில் "செல் வளரவில்லை" என்று திருப்பிவிட்டார்கள்.

பெரும்பாலும் இரண்டு தவறுகளில் ஒன்று நடந்திருக்கும். ஒன்று, ஊதா மூடிக் குழாயில் மட்டும் அனுப்பியிருப்பீர்கள். அதிலுள்ள இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், செல் பிரியாது. இந்தச் சோதனைக்கு உயிரோடு பிரிகிற வெள்ளணு வேண்டும், அதற்குப் பச்சை மூடி, அதாவது சோடியம் ஹெப்பாரின் குழாய். இன்னொன்று, ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்து உறைய விட்டிருப்பீர்கள்.

பச்சை மூடியில் 10 மி.லி., ஊதா மூடியில் 5 மி.லி. எடுங்கள். ஊதா மூடி டி.என்.ஏ. சோதனைக்கு. எடுத்த உடனே எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்காதீர்கள். செய்தித்தாள் சுற்றி, குளிர் பையை நேரே படாமல் வைத்து, 48 மணி நேரத்துக்குள் போய்ச் சேரும்படி அனுப்புங்கள். திங்கள்கிழமை எடுப்பது நல்லது. வெள்ளிக்கிழமை எடுத்தால் இரண்டு நாள் கூரியர் கிடங்கிலேயே கிடக்கும். குதிரைக்கான வெள்ளணு வளர்ப்பு செய்கிறார்களா என்று கால்நடை மருத்துவக் கல்லூரியின் மரபியல் துறையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிக்கையில் எத்தனை செல் எண்ணினார்கள் என்று பாருங்கள். பத்து செல் போதாது. சில செல்லில் 63, சில செல்லில் 64 என்று கலந்திருக்கும் குதிரைகளும் உண்டு, அவற்றில் சில குட்டியும் போட்டிருக்கின்றன. அதைப் பிடிக்க 50-க்கு மேல் எண்ண வேண்டும். ஸ்லைடில் செல் வெடித்து ஒரு குரோமோசோம் சிதறிப்போவதும் உண்டு. அப்படித் தொலைவது ஒவ்வொரு செல்லிலும் வெவ்வேறாக இருக்கும். 63 என்று வந்த செல்கள் எல்லாவற்றிலும் எக்ஸ் மட்டுமே குறைந்தால்தான் அது நிஜமான கலப்பு.

கேள்வி: பெண் குதிரைதான். ஆனால் அறிக்கையில் 64, எக்ஸ் ஒய் என்று வந்திருக்கிறது. மாற்றி எழுதிவிட்டார்களா?

மாற்றி எழுதியிருக்க வேண்டியதில்லை. பெண் குதிரைகளில் அடிக்கடி வரும் கோளாறுகளில் இதுவும் ஒன்று. ஒய் குரோமோசோமில், விந்து சுரக்கும் விதையை உருவாக்கும் எஸ்.ஆர்.ஒய். மரபணு அறுந்து போயிருந்தால், உடம்பு பெண்ணாகவே வளரும். ஆனால் முட்டை இருக்காது, சினைக்கு வழியில்லை.

ஊதா மூடி ரத்தத்தில் அந்த மரபணு இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்று வந்து, குதிரையும் ஆண் மாதிரி மற்றப் பெண் குதிரைகளை மேய்த்து விரட்டினால், வயிற்றுக்குள் விதை இருக்கலாம். ஆண் ஹார்மோனை உடம்பு ஏற்காத வகையாக இருந்தால் அந்தப் பிழை தாயின் எக்ஸ் வழியாக வருவது. அந்தத் தாயை மறுபடி இனவிருத்திக்கு விடாதீர்கள்.

கேள்வி: என் குதிரைக்குச் சினைப்பை, சுற்று எல்லாம் சரி. 16-ஆம் நாள் ஸ்கேனில் கரு தெரிகிறது, 40 நாளுக்குள் காணாமல் போகிறது. நாலு தடவை ஆயிற்று. இதுவும் குரோமோசோமா?

இருக்கலாம், ஆனால் வரிசையில் அது கடைசி. முதலில் கருப்பைத் திரவ வளர்ப்பு (கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது), கருப்பைத் திசுச் சோதனை இரண்டையும் முடியுங்கள். அவை சுத்தமாக இருந்து, வேறு ஆண் குதிரையிலும் இதே கதை என்றால் இடமாற்றத்தைச் சந்தேகியுங்கள். ஒரு குரோமோசோமின் துண்டு இன்னொன்றில் ஒட்டியிருக்கும். மொத்தச் சரக்கு குறையாததால் குதிரை திடமாக இருக்கும். ஆனால் முட்டை உருவாகும்போது பாதிக்குப் பாதி கூடுதலாகவோ குறைவாகவோ போய்ச் சேரும். அந்தக் கருக்கள்தான் கரைகின்றன. லேபுக்கு "பட்டைச் சாயம் போட்டுப் பாருங்கள்" என்று எழுதிக் கொடுங்கள், குரோமோசோமில் பட்டை பட்டையாகத் தெரிந்து துண்டு இடம் மாறியது புலப்படும். வெறும் எண்ணிக்கையில் 64 என்று சரியாகவே வந்துவிடும்.

இப்படிப்பட்ட குதிரை எப்போதாவது குட்டி போடும். அந்தக் குட்டிக்கும் இது இறங்கியிருக்கலாம், சோதிக்காமல் இனவிருத்திக்கு வைக்காதீர்கள்.

கேள்வி: காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடாரி மலடு. குதிரையிலும் அப்படியா?

இல்லை. மாட்டில் அது பெரும்பாலும் உண்மை. குதிரையில் இரட்டைகளின் ரத்தம் கலந்தாலும் பெண் குட்டி பொதுவாக நன்றாகவே சினை பிடிக்கும். ஆனால் ரத்தத்தில் ஆண் செல்லும் சேர்ந்து தெரியும். இரட்டையாகப் பிறந்தது என்று லேபுக்குச் சொல்லிவிடுங்கள், தோல் திசுவையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இதைச் சொல்லாததால் நல்ல குதிரை மலடு என்று விலை போயிருந்தால் அது பெரிய அநியாயம்.

கேள்வி: கோவேறு கழுதைக்கும் 63 தானே? இரண்டும் ஒன்றா?

எண் மட்டும்தான் ஒன்று. கோவேறு கழுதைக்குக் குதிரையிடமிருந்து 32, கழுதையிடமிருந்து 31. அவை ஜோடி சேராததால் மலடு.

கேள்வி: அந்தியூர்ச் சந்தையில் இனவிருத்திக்காக வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

வெளித்தோற்றத்தில் தெரியாது. சில உருவத்தில் சிறுத்திருக்கும். பல சாதாரணமாகவே இருக்கும். குட்டி போட்ட குதிரையை, குட்டியோடு பார்த்து வாங்குவது பத்திரம். ஆறேழு வயதாகியும் ஒரு குட்டி இல்லை என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஸ்கேன் பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கியது 63 என்று தெரிந்தாலும் சவாரிக்குக் குறையில்லை. ஆண் குதிரையிடம் விந்து சேகரிக்கும்போது நிறுத்திவைக்கவும் அது நல்ல குதிரை.