முற்றத்தில் பேடு நிற்க, பெட்டி எதற்கு?

கேள்வி: நோர்வேயில் இருக்கிற சித்தப்பா ட்ரவுட் மீன் பிடிக்கிறவர். லீவில் வந்து நின்றபோது நான் சட்டைக்கு மணி வைத்துத் தைப்பதைப் பார்த்துவிட்டு, "உன்ர கைக்கு ஈ கட்ட வரும்" என்றார். தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிப் பூச்சிபோலச் செய்கிற இரையைத்தான் ஈ என்கிறார். பழைய பாணியில், தண்ணீருக்குள் அமிழ்கிற வெட் பிளையும், செட்டை முளைக்காத நீர்ப்பூச்சி போன்ற நிம்பும் கட்டித் தரட்டாம். இணையத்தில், ஈ கட்டுகிற சாமான் எல்லாம் அடங்கிய முழுப் பெட்டி 32,000 ரூபா போட்டிருக்கிறார்கள். சேவல் கழுத்துத் தோல் தனியாக 20,000. வாங்கலாமா?
— வாசகி, கிளிநொச்சி

பதில்: பெட்டி வேண்டாம், தங்கச்சி. சேவல் தோல் வேண்டவே வேண்டாம்.

அந்த விலைக்கு விற்கிற சேவல்கள் இறகுக்கென்றே வளர்க்கப்படுபவை. நீண்டு, விறைத்து நிற்கிற அந்த இறகு, தண்ணீருக்கு மேலே மிதக்கிற ட்ரை பிளைக்குத்தான் தேவை. உங்கள் சித்தப்பா கேட்பது அமிழ்கிற ஈ. அதற்கு மெத்தென்று, தண்ணீரை உறிஞ்சி, ஓட்டத்தில் மூச்சு விடுவதுபோல அசைகிற இறகு வேண்டும். அது பேட்டின் கழுத்தில் இருக்கிறது. ஊர்க்கோழிப் பேட்டின் இறகொன்றையும் சாவலின் இறகொன்றையும் நாக்கில் நனைத்துப் பாருங்கள். பேட்டின் மயிர் ஒன்றோடொன்று ஒட்டித் துவளும், சாவலினது சிலிர்த்துக்கொண்டு நிற்கும். துவளுவதுதான் உங்களுக்கு.

கறிக்கு உரிக்கிற நாளில் கழுத்துத் தோலைத் தனியே எடுத்து, உட்பக்கக் கொழுப்பைச் சுரண்டி, உப்புத் தடவி, பலகையில் ஆணி அடித்து நிழலில் காயவிடுங்கள். காய்ந்தபின் சவர்க்காரத் தண்ணீரில் அலசித் திரும்பவும் காய வைத்து, பையில் கட்டி ஒரு கிழமை குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் அறையில் வையுங்கள். பிறகு பூச்சி உருண்டையோடு மூடி வைக்கலாம். இதைச் செய்யாமல் விட்டால் ஒருநாள் திறக்கும்போது காம்புதான் மிஞ்சியிருக்கும். எனக்கு மிஞ்சியது அதுதான்.

பழைய ஈக்களின் செய்முறையைப் பார்த்தால் அவை பணக்காரச் சாமானே இல்லை. கிறீன்வெல்ஸ் குளோரி என்று ஒன்று. 1854-இல் ஸ்கொட்லாந்து எல்லையில் ஓடுகிற டுவீட் ஆற்றில் மீன் பிடிக்கப்போன வில்லியம் கிறீன்வெல் என்ற பாதிரியாருக்காக, ஜேம்ஸ் ரைட் என்கிற ஈ கட்டுகிறவர் கட்டியது. உடம்பு வெறும் மஞ்சள் பட்டு நூல். சப்பாத்துத் தைக்கிறவரின் மெழுகில் அந்த நூலை இழுத்தால் மஞ்சள் மங்கி ஒலிவ் நிறமாகும், அதுதான் அதன் இரகசியம். மேலே மெல்லிய பொன்னிறக் கம்பி, முன்னால் பேட்டு இறகு. செட்டை வைப்பதைப் பிறகு பழகலாம். இறகு இரண்டு சுற்றுப் போதும். புதிதாகக் கட்டுகிற எல்லாரும் ஐந்து சுற்றிக் குஞ்சம் செய்துவிடுவார்கள்.

நிம்புக்கும் அப்படியே. இங்கிலாந்தில் ஏவன் ஆற்றுக் காவலராக இருந்த பிராங் சோயர், பெசன்ட் என்ற பறவையின் வால் இறகால் கட்டிய பெசன்ட் டெயில் நிம்புக்கு நூலே கிடையாது. மெல்லிய செப்புக் கம்பிதான் நூல், அதுவே பாரமும். மோட்டர் வைண்டிங் செய்கிற கடையில் தலைமயிர் தடிப்பில் கொஞ்சம் கேளுங்கள், சும்மாகூடத் தருவார்கள். பெசன்ட் வால் இறகு இங்கே கிடையாது. அதைச் சித்தப்பாவிடம் கேளுங்கள். அனுப்புகிற ஈக்களில் கோழி இறகு இருப்பதால் அங்குள்ள சுங்க விதியையும் அவரே முதலில் விசாரிக்கட்டும்.

காசைத் தூண்டில் முள்ளில் போடுங்கள். பெட்டியோடு வருகிற முள்தான் பெரும்பாலும் பழுது. முள்ளைப் பிடித்து வைக்கிற வைஸில் இறுக்கி நகத்தால் ஒரு சுண்டு சுண்டினால் நல்ல முள் 'டிங்' என்று திரும்பி நிற்கும். வளைந்தபடி நின்றால் இரும்பு மெது, முறிந்தால் பதம் கூடிவிட்டது. இலக்கம் கூடக் கூட முள் சிறுக்கும். வெட் பிளைக்கு 10 தொடக்கம் 14, நிம்புக்கு 12 தொடக்கம் 16 எடுங்கள். நூல்கட்டையைத் தாங்கிக் குழாய்வழியே நூல் விடுகிற பொபின் வாங்கினால் குழாய் வாய்க்குள் பஞ்சை விட்டு இழுங்கள். பஞ்சு மாட்டுகிற இடத்தில் நூல் அறுந்துகொண்டே இருக்கும். ஒரு வைஸ், ஒரு பொபின், கூரான சின்னக் கத்தரிக்கோல், 50 முள். மற்றதெல்லாம் பெட்டியை நிரப்பப் போட்டவை.

கேள்வி: நிம்பின் தலையில் பாரமாகப் போட டங்ஸ்டன் மணி என்று வாங்கினேன். பித்தளையோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், வவுனியா

பதில்: நகைக்கடைத் தராசுக்குக் கொண்டு போங்கள். ஒரு கன சென்ரிமீற்றர் டங்ஸ்டன் 19 கிராம், பித்தளை எட்டரை. அதனால் ஒரே அளவு மணிகளில் டங்ஸ்டன் இரட்டிப்புக்கு மேல் பாரம். 3 மில்லிமீற்றர் மணி 20 போட்டால் 3 கிராமுக்கு மேலே நிற்க வேண்டும். 2 கிராம் அளவிலோ அதற்குக் கீழேயோ நின்றால் பித்தளைதான். வேண்டுமானால் ஒரு மணியைச் சுத்தியலால் அடியுங்கள். பித்தளை நசியும், டங்ஸ்டன் வெடித்து உடையும். தராசு காட்டுகிற எண்ணோடு மணிகளைப் படம் எடுத்து வையுங்கள்.

உள்ளூர்க் கடை என்றால் பற்றுச்சீட்டு கேட்டால் தந்தே ஆகவேண்டும். 2003-ஆம் ஆண்டு 9-ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். தொலைபேசி 1977. வெளிநாட்டு விற்பனையாளர் என்றால் அந்தத் தளத்திலேயே, அவர்கள் விதித்த நாளுக்குள் முறைப்பாடு போடுங்கள். "அடுத்த ஓடரில் கழிக்கிறோம்" என்று இழுத்தால் நம்பாதீர்கள், அந்த நாள் கடக்கத்தான் இழுக்கிறார்கள்.

கேள்வி: வீட்டிலிருந்தே ஈ கட்டிச் சம்பாதிக்கலாம் என்று முகநூலில் விளம்பரம். 18,000 கட்டினால் பெட்டி தருவார்களாம், கட்டியதை அவர்களே வாங்குவார்களாம். பக்கத்து வீட்டு அக்கா காசு கட்டிவிட்டார். நானும் கட்டலாமா?
— வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: காசு கட்டாதீர்கள். இலங்கையில் ஈ கட்டி ஏற்றுமதி செய்கிற தொழில் உண்மையாகவே இருக்கிறது. பொய் அந்த உண்மைக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிறது. வேலை தருகிறவன் கூலி தருவான், பழக்குவான், சாமானும் தருவான். உங்களிடம் காசு கேட்கிறவனுக்கு வியாபாரம் பெட்டி விற்பதுதான். நீங்கள் கட்டி அனுப்புகிற முதல் நூறும் "தரம் போதாது" என்று திரும்பி வரும். அதற்கு இடம் வைத்தே ஒப்பந்தம் எழுதியிருப்பார்கள். டசினுக்கு என்ன விலை, தரத்தைப் பார்ப்பது யார், கொம்பனிப் பதிவு இலக்கம் என்ன என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். குரல் பதிவில் மழுப்பினால் விட்டுவிடுங்கள். அக்கா வங்கிச் சீட்டையும் உரையாடலையும் அழிக்காமல் பொலிசில் முறையிடட்டும்.

கேள்வி: வயலில் மயிலிறகு கிடக்கிறது. ஈ கட்டலாமா? இரணைமடுவில் மீன் படுமா?
— வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: மயிலிறகின் பச்சை இழை கோச்மன் என்ற ஈயின் உடம்புக்கு அருமையான சாமான். ஆனால் மயிலைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். உதிர்ந்ததென்றாலும் நாட்டுக்கு வெளியே அனுப்புமுன் வனசீவராசிகள் திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள். காட்டுக்கோழிப் பக்கமே போகவேண்டாம், அது தேசியப் பறவை.

ட்ரவுட் குளிர்ந்த தண்ணீர் மீன், 25 பாகையைத் தாண்டினால் தாங்காது. 1880-களில் வெள்ளைக்காரர் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கம்தான் விட்டார்கள். இரணைமடுவில் சின்ன நிம்பைத் தங்கூசியில் கட்டி மெல்ல இழுத்தால் திலாப்பியா எடுக்கும். விரால் திரும்பியும் பாராது, அதற்குத் தவளை வேண்டும்.