கிறிஸ்தவ நம்பிக்கை அடக்குமுறையிலிருந்து உண்மையில் யாரையாவது விடுவித்திருக்கிறதா?

எங்கள் குடும்பத்தை விடுவித்திருக்கிறது. அதே குடும்பத்தில் ஒருத்தியைக் கட்டியும் போட்டிருக்கிறது. இரண்டையும் சொன்னால்தான் நியாயம்.

நான் நாகர்கோவில் பக்கம், பல தலைமுறையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). இன்றைக்கு எங்கள் சபையில் 'ஊழியம்' என்றால் பிரசங்கம், ஜெபக்கூட்டம். இருநூறு வருஷத்துக்கு முன்னால் இதே தென் திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் அரசாங்கத்துக்குக் கூலி இல்லாமல் செய்தே தீரவேண்டிய வேலை. இந்தச் சொல் எப்படி எங்கள் சபைக்குள் வந்து உட்கார்ந்தது என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

வெள்ளைக்காரர் தானாக வந்து மதம் மாற்றினார் என்று சொல்பவர்களுக்கு ஒன்று. மயிலாடியில் சாம்பவர் குலத்தில் பிறந்த வேதமாணிக்கம் தஞ்சாவூர் வரை போய் வேதத்தைக் கேட்டு, ஞானஸ்நானம் வாங்கி, மிஷனரியை எங்கள் ஊருக்கு வரச்சொல்லிக் கேட்டவர். அப்படி வந்த மிஷனரிதான் ரிங்கல்தௌபே, 1806-ல். பிறகு திருவிதாங்கூரில் ஆங்கிலேயரின் ரெசிடென்டாக இருந்த கர்னல் மன்றோ காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியம் இல்லை என்று ஆனது. பரலோகம் கிடக்கட்டும், வாரத்தில் ஒரு நாள் முதுகு நிமிர்ந்ததே!

தோள்சீலைக் கதை பலருக்கும் தெரியும். நாடார் பெண்கள் மேல்சாதிக்காரர் முன்னால் மார்பை மறைக்கக் கூடாது என்பது அன்றைய கட்டுப்பாடு. கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயம், அதாவது ரவிக்கை போன்ற ஒரு மேல்சட்டை, போட அனுமதி கிடைத்தது. மிஷனரிகளுக்கு அது போதும். உடம்பு மூடினால் சரி. எங்கள் பெண்களுக்குப் போதவில்லை. மேல்சாதிப் பெண்கள் தோளில் போட்ட மேல்துணியான அதே தோள்சீலையையும் மேலே போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். 1822-லிருந்து சீலை கிழிப்பும் அடியும்தான். 1829 பிரகடனம் குப்பாயத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னது. 1859 கலகத்தில் ஜெபவீடுகளும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. அந்த ஜூலையில் திருவிதாங்கூர் மகாராஜா உத்திரம் திருநாள் இறங்கிவந்து, நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்றார். அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான். வேதம் கற்றுக்கொடுத்தவர்கள் நினைத்ததைவிட அதிகமாக அந்தப் பெண்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்பது என் எண்ணம்.

இதே காலத்தில் இதே மக்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னவர், அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர். அவருக்கு ஞானஸ்நானம் தேவைப்படவில்லை. ஆகவே கிறிஸ்தவம் மட்டும்தான் வழி என்று நான் சொல்ல வரவில்லை.

மிஷன் வீட்டுப் பெண்கள் தொடங்கிய லேஸ் பின்னல்தான் எனக்கு இன்னும் நெருக்கம். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-ல். அதற்கு முன்பே அடிமைப் பெண்கள் சிலர் லேஸ் பின்னிய காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். என் பாட்டியும் லேஸ் பின்னியவள். மடியில் உருளைத் தலையணை, அதில் நெருக்கமாகக் குத்திய குண்டூசி, நூல் சுற்றிய மரக்குச்சிகள். பாட்டி ஜெபம் பண்ணும்போதும் அந்தக் குச்சிகளின் கடகட சத்தம் நிற்காது.

இனி கட்டிப்போட்ட கதை. என் அத்தையின் புருஷன் குடித்துவிட்டு அடிப்பான். சபைக் கமிட்டிக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "பொறுத்துப்போ பிள்ளே, சிலுவை இல்லாம கிரீடம் இல்ல" என்றார். மனைவிகளே கீழ்ப்படியுங்கள் என்ற வசனத்தையும் வாசித்தார். அதற்கு மூன்று வசனம் தள்ளி புருஷர்களுக்குச் சொன்னதை வாசிக்கவில்லை. இப்படியே ஏழு வருஷம்.

ஒருநாள் அத்தை கை வீங்கி வந்து நின்றாள். மறுபடியும் அதே ஆள், அதே சிலுவை. பாட்டி தலையணையைக் கீழே வைத்தாள்.

"ஏசு தானா போயி சுமந்தாரு. இவள வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டில்லா அடிக்கான்?"

அவர் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். பாட்டி லேஸ் காசில் ஒரு தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தாள். அத்தை திரும்பிப் போகவில்லை, சபையையும் விடவில்லை. "அவன் அடிச்சான்னு நான் எதுக்குக் கர்த்தரை விடணும்?" என்பாள்.

போன வருஷம் சபைக் குடும்பப் பதிவேட்டைப் புதுப்பித்தார்கள். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அத்தை தன் பெயரையே எழுதிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்ட பையன் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அடுத்த தாளை எடுத்தான்.