ஃப்ளிக் அன் ஃப்ளாக்கில் தங்கினால் கூட்டமில்லாத கடற்கரைக்கு எங்கே போகலாம்?

ஆகஸ்ட் விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து குடும்பமாக மொரீசியஸ் போகிறோம், மேற்குக் கரையிலுள்ள ஃப்ளிக் அன் ஃப்ளாக்கில் அறை எடுத்திருக்கிறோம், பக்கத்தில் ஒதுக்குப்புறமான கரைகள் உண்டா, பிள்ளைகள் குளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கரைகள் உண்டு. ஆனால் ஆளில்லாத கரையும் பிள்ளைகள் குளிக்கிற கரையும் அங்கே எப்போதும் ஒன்றாக இருக்காது.

மொரீசியஸ் எரிமலையால் உண்டான தீவு. கரும்புக் காடுகளுக்கு நடுவே கறுப்புக் கற்களைக் குவித்து வைத்திருப்பார்கள். தீவின் சொந்தக் கல் அதுதான். கரையில் கிடக்கிற வெள்ளை மணல் முருகைக்கல்லும் (பவளப்பாறை) சிப்பியும் பொடிந்து வந்தது. தீவின் பெரும்பகுதியைச் சுற்றி முருகைக்கற்பாறை இருப்பதால் பெரிய அலை வெளியிலேயே உடைந்துவிடும். உள்ளே தண்ணீர் ஆடாமல் அசையாமல் கிடக்கும். ஆறு வந்து விழும் இடங்களில் முருகை வளராது, அதற்கு உப்பில்லாத ஆற்றுத் தண்ணீர் ஆகாது. அங்கே பாறை அறுந்திருக்கும். உள்ளே வந்த கடல்நீரெல்லாம் அந்த இடைவெளியால்தான் திரும்ப வெளியேறும், இழுப்பும் அங்கேதான். கரையில் நின்று பார்த்தால் தூரத்தில் அலை உடைகிற வெள்ளைக்கோடு தெரியும். கோடு தொடர்ச்சியாக இருந்தால் பிள்ளைகளை இறக்கலாம். அறுந்திருந்தால் மணலில் விளையாடட்டும்.

வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டிக் கடலைப் பார்த்து வளர்ந்த நமக்குக் கடலென்றால் ஒரு பயம் உண்டு. மொரீசியஸ் போய் ஒரு நாள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் அந்தப் பயம் போய்விடும். அதைப் போகவிடாதீர்கள்.

சரி, இடங்கள். முதலில், வாகனமே வேண்டாம்: ஃப்ளிக் அன் ஃப்ளாக் மணலிலேயே தெற்கே வோல்மார் பக்கம் நடங்கள். பெரிய ஹோட்டல்கள் வரிசையாக வரும். தயங்க வேண்டாம், அந்த நாட்டில் கடற்கரை பொதுச்சொத்து, ஹோட்டலுக்கு முன்னாலும் யாரும் நடக்கலாம், குளிக்கலாம். சாய்வு நாற்காலியும் குடையும் மட்டும் அவர்களுடையவை. வார நாளில் காலையில் போனால் மணலைப் பெருக்குகிறவர்களைத் தவிர அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தனிமை தேடி அலையாதீர்கள். ஊர்ச் சனம் முழுக்கச் சவுக்கு மரங்களுக்குக் கீழே சட்டி பானையோடு வந்து இறங்கிவிடும். அன்றைக்கு நீங்களும் போய் உட்காருங்கள். வண்டிக்காரர் சுடச்சுடப் பொரித்துத் தரும் 'காத்தோ பிமா' நம் பருப்பு வடையின் குட்டித் தம்பி, அதை அவர்கள் பாணுக்குள் வைத்தும் சாப்பிடுவார்கள்.

வோல்மாரைத் தாண்டித் தெற்கே வரும் டமரின் அழகான விரிகுடா, ஆனால் ஆறு விழுகிற இடம், அலைச்சறுக்குக்காரர்களுக்கு உரியது. பார்த்துவிட்டு நகருங்கள்.

அதற்குத் தெற்கே லெ மோர்ன். 556 மீட்டர் மலை நேராகக் கடலோரத்தில் நிற்கும். தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை அது; 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். கீழே உள்ள கரை பிரபலமானதுதான், ஆனாலும் நீளம் என்பதால் பொதுக் கடற்கரைப் பக்கம் உங்களுக்கென்று ஒரு மரநிழல் கிடைக்கும். காற்றுப் பட்டம் கட்டிச் சறுக்குகிறவர்கள் கூடும் முனையை மட்டும் தவிருங்கள்.

எனக்குப் பிடித்தது அதையும் தாண்டி, பே டு காப் போகிற வழியில் வரும் லா ப்ரேரி. கடை கண்ணி என்று எதிர்பார்க்காதீர்கள், தண்ணீரும் சாப்பாடும் கட்டிக்கொண்டு போங்கள். தண்ணீர் ஆழமில்லை. அடியில் கறுப்புக் கல் கிடக்கிற இடங்களில் கடல் முள்ளிகள் ஒட்டியிருக்கும், கல்லைப் போலவே அசையாமல் கிடக்கும் விஷ மீனும் அந்தக் கடலில் உண்டு. அதனால் தண்ணீருக்குப் போடுகிற ரப்பர் சப்பாத்து எல்லோருக்கும் வாங்குங்கள். ஹோட்டல் கடையில் விலை அதிகம், இங்கேயே வாங்கிப் பெட்டியில் போட்டுவிடலாம்.

இன்னும் கிழக்கே போனால் சூயாக் ஊரில் க்ரி க்ரி. இங்கே முருகைக்கற்பாறையே இல்லை. மேலே புல்தரை, கீழே கறுப்புப் பாறைச்சுவர், திறந்த கடல் வந்து நேராக மோதும். கொஞ்சம் நடந்தால் 'அழும் பாறை' என்று ஒன்று: அலை அடித்துத் திரும்பியதும் கல் முகத்தில் தண்ணீர் தாரை தாரையாக வழியும். பார்க்க மட்டும் போங்கள், குளிக்கும் எண்ணமே வேண்டாம். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் அங்கே குளிர்காலம். தென்கிழக்குக் காற்று வீசுவதால் கிழக்கிலும் தெற்கிலும் ஊதித் தள்ளும். மேற்கு மலைமறைவில் இருப்பதால் உங்கள் பக்கம் பரவாயில்லை. ஆனால் கல்கிசைத் தண்ணீருக்குப் பழகிய உடம்பு முதலில் சிலிர்க்கும். குளியலை மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அவர்களுடைய ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத் தமிழில் வழி கேட்டால் சிரிப்பார்கள். தமிழ்ப் பெயருள்ளவர்களும் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான். ஆங்கிலம் போதும். வாகனம் இடப்பக்கம்தான் ஓடும் என்பதால், ஓட்டத் தெரிந்தால் ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுத்துத் தெற்குக் கரையை முடித்துவிடுங்கள். பஸ்ஸிலும் போகலாம், ஆனால் பொழுதுபடும் நேரத்தில் பஸ் அரிதாகிவிடும், ஆகஸ்டில் ஆறு மணியோடு இருட்டத் தொடங்கிவிடும்.